கடல் தொட்டியில் அழையா விருந்தாளிகள்!

தொட்டி வாங்கி வைத்தவர் வீட்டுக்காரர். ‘நீமோ மீன் வேணும்’ என்று அடம் பிடித்தது பிள்ளை. ஆனால் ராத்திரி அடுப்படியைத் துடைத்துவிட்டு விளக்கை அணைக்க வரும்போது, பாறை இடுக்கிலிருந்து சாண் நீளத்துக்கு ஏதோ ஒன்று நெளிந்து போவதைப் பார்ப்பது யார்? நாம்தான்! “ஐயையோ, தொட்டிக்குள்ளே பூரான்!” என்று நாம் போடுகிற சத்தத்தில் வீடே எழுந்து உட்காரும்.

பூரான் இல்லை. பயப்படாதீர்கள்.

நன்னீர்த் தொட்டியில் இந்த வேடிக்கை குறைவு. நாலு தங்க மீன் வாங்கினால் நாலு தங்க மீன்தான். மிஞ்சிப் போனால் செடியோடு இரண்டு நத்தை வரும். உப்புநீர்த் தொட்டி சமாசாரமே வேறு. இரண்டு கோமாளி மீனும் நாலைந்து பாறைத் துண்டும் வாங்கி வந்தோம் என்று நாம் நினைத்துக் கொண்டிருப்போம். அந்தப் பாறையின் பொந்துகளில் ஒரு சின்ன ஊரே குடித்தனம் பண்ணிக்கொண்டு கூடவே வந்திருக்கும். புழு, நண்டு, இறால், நத்தை, நட்சத்திர மீன், பூப்போல விரிகிற பிராணிகள்... மாதக் கணக்கில் ஒளிந்திருந்துவிட்டு ஒரு நாள் தலையைக் காட்டும்.

காட்டியதும் நம் கை இரண்டு காரியத்துக்குப் பரபரக்கும். ஒன்று, பிடித்துத் தூக்கி எறிவது. இன்னொன்று, பாறையையே வெளியே எடுத்துக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரைக் கொட்டுவது. இரண்டுமே வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதல் காரியத்தில் நமக்கு உழைக்கிற ஜீவன்கள் வீணாகச் சாகும். இரண்டாவது காரியம் சில சமயம் வீட்டில் இருப்பவர்களையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். அது எப்படி என்று பின்னால் வருகிறேன்.

கடல் பிராணிகளை வீட்டுக்குள் வளர்த்துக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர் ஒரு குடும்பத் தலைவி என்றால் நம்புவீர்களா? அன்னா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1846-ல் டார்க்கி கடற்கரையில் கல் பவளங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டு வந்துவிட்டார். காற்று ஊதும் மோட்டார் அப்போது ஏது? அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த ஜன்னலோரம் நின்று, நாம் காபி ஆற்றுகிற மாதிரி, கடல்நீரைப் பாத்திரம் மாற்றி ஆற்றி ஆற்றிக் காற்றேற்றினாளாம். ஒரு தடவைக்கு அரை மணி, முக்கால் மணி நேரம்! கை வலி அவளுக்கு, புகழ் எஜமானியம்மாளுக்கு.

உயிர்ப் பாறையைத் தொட்டிக்குள் வைக்கும் முறையை 1960-களின் தொடக்கத்தில் பத்திரிகையில் எழுதிப் பரப்பியவர், இந்தோனேசியாவின் லீ சின் எங். ‘லைவ் ராக்’ என்று கடையில் சொல்வது இதைத்தான். கல்லுக்கு உயிர் என்று அர்த்தமில்லை. செத்த பவளத்தின் கூடு அது. அதன் துளைகளில் கோடானுகோடி பாக்டீரியாக்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை அவை படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றித் தண்ணீரைக் காப்பாற்றுகின்றன. கூட வரும் புழுவும் பூச்சியும் இந்த வேலையில் பங்காளிகள்.

முகம்தான் கோரம்

முதலில் நம் ‘பூரானை’ விசாரிப்போம். இளஞ்சிவப்பு அல்லது பழுப்பு நிறம். உடம்பு கணுக்கணுவாக இருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளை முள்மயிர். முள்புழு என்று வைத்துக்கொள்வோம். கடையில் ‘பிரிஸில் வோர்ம்’ என்பார்கள். பாறை இடுக்கில் விழுந்த தீனி, செத்துப்போன நத்தை எல்லாவற்றையும் ராத்திரியோடு ராத்திரியாகத் தின்று தீர்ப்பது இதுதான். இது இல்லாவிட்டால் அந்த மிச்சமெல்லாம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். செத்த மீனைச் சுற்றி இவை மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, இவைதான் கொன்றன என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் அது மீன் போன பிறகு வந்த கூட்டம்!

முள்புழு திடீரென்று பெருகிவிட்டதா? குற்றம் புழுவின் மேல் இல்லை, தீனி போடுகிற கையின் மேல். ‘பசிக்குமே’ என்று பாட்டி ஒரு சிட்டிகை, பேரன் ஒரு சிட்டிகை, ஆபீஸிலிருந்து வந்ததும் அவர் ஒரு சிட்டிகை. தீனியைக் குறைத்துப் பாருங்கள், புழுவும் தானே குறையும்.

வெறும் கையால் மட்டும் தொட வேண்டாம். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி மேலே பட்டால் என்ன ஆகுமோ அதே கதைதான். கண்ணாடித் துகள் மாதிரி முட்கள் தோலில் ஒடிந்து நிற்கும். தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். செலோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டி மெள்ள உரித்தால் முட்கள் டேப்போடு வந்துவிடும். அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வீக்கம் பரவினாலோ மூச்சு திணறினாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டியதுதான். இந்த இனத்திலேயே தீப்புழு என்று ஒன்று உண்டு. அதன் முள் நெருப்பாய் எரியும், பவளத்தையும் கடிக்கும். தடித்த புழு ஒன்று பவளத்தின் மேலேறித் தின்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் அதை நீளமான இடுக்கியால் பிடித்து அப்புறப்படுத்துங்கள்.

கண்ணாடியில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் ஓடினால் அவை ‘கோப்பிபாட்’கள்; மீனுக்குப் பலகாரம். கூனி இறால் மாதிரி வளைந்து துள்ளுவதும் அதே ஜாதிதான். குட்டி ஜாங்கிரியாகச் சுருண்டு கண்ணாடியில் ஒட்டிய வெள்ளைப் பொட்டு ஒரு குழாய்ப் புழுவின் வீடு. பாறையிலிருந்து விசிறி விரிந்து, நிழல் பட்டதும் ‘சட்’டென்று உள்ளே போகிறதா? விசிறிப் புழு. அதைப் பார்த்துக் கொண்டே குழந்தைக்கு இரண்டு கவளம் சாதம் கூடுதலாக ஊட்டிவிடலாம்! மெல்லிய, முடிச்சு முடிச்சான கைகள் மட்டும் பாறைக்கு வெளியே தடவிக்கொண்டிருந்தால் அது ‘பிரிட்டில் ஸ்டார்’ என்கிற நட்சத்திர மீன் உறவு; சின்ன வகைகள் சாது. நகத்தளவு வெளிர் நட்சத்திரங்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிக் கொண்டிருக்கும். தன்னையே பிய்த்துக்கொண்டு பெருகும் இனம் அது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று இருப்பதற்கும் அதுதான் காரணம்.

ஒரு நாள் காலையில் இறால் செத்து வெளுத்துக் கிடக்கும். பிள்ளை அழும். கொஞ்சம் பொறுங்கள், பாறைக்குப் பின்னால் பாருங்கள். இறாலும் நண்டும் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் போடும். கிடப்பது சட்டைதான், ஆள் உள்ளே பத்திரம். புது ஓடு கெட்டிப்படும் வரை வெளியே வராது. அந்தச் சட்டையை எடுத்துவிடாமல் விட்டு வையுங்கள், சில சமயம் அதையே தின்று சத்தை மீட்டுக்கொள்ளும்.

ராத்திரி ‘டக், டக்’

சிலர் வீட்டுத் தொட்டியில் ராத்திரி கண்ணாடியைச் சொடுக்குகிற மாதிரி சத்தம் கேட்கும். இரண்டு பேரில் ஒருவர்தான் இருக்க முடியும். துப்பாக்கி இறால் என்றால் பரவாயில்லை. ஒற்றைப் பெரிய கொடுக்கைச் சொடுக்குகிற பிராணி. கோபி என்ற சின்ன மீனோடு ஒரே வளையில் ஒற்றுமையாய்க் குடித்தனம் நடத்தும்.

கும்பிடுபூச்சி இறால் என்றால்தான் கஷ்டம். பெயரில்தான் கும்பிடு, கையில் குத்து! இந்த இனத்தில் மயில் வண்ணம் கொண்ட ஒரு வகையின் குத்து நொடிக்கு 23 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் 2004-ல் அளந்து எழுதினார்கள். நத்தை ஓடும் நண்டு ஓடும் தூள் தூளாகும். நத்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், உடைந்த ஓடுகள் ஒரே பொந்தின் வாசலில் குவிந்தால் இவர்தான் உள்ளே இருக்கிறார். பொந்தில் விரலை விடவே கூடாது. அந்தப் பாறையை மட்டும் கனத்த கையுறையோடு எடுத்து வேறு உப்புநீர் வாளிக்கு மாற்றிவிட்டு, கடைக்காரரைக் கூப்பிடுங்கள். தனித் தொட்டியில் இதை ஆசையாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கண்கள் தனித்தனியே சுழல்வதைப் பார்த்தால் நமக்கே கொல்ல மனசு வராது.

இங்கிலாந்தில் நியூகீ என்ற ஊரில் ‘புளூ ரீஃப்’ கடல் காட்சியகம் இருக்கிறது. 2009-ல் அங்கே ஒரு தொட்டியில் பவளங்கள் யாரோ கத்தியால் நறுக்கின மாதிரி துண்டு துண்டாகிக் கிடந்தன, மீனுக்கும் காயம். இரை வைத்துப் பொறி போட்டுப் பார்த்தார்கள், சிக்கவில்லை. கடைசியில் பாறை பாறையாகத் தொட்டியையே பிரித்தபோது, ஏறக்குறைய 4 அடி நீளத்துக்கு ஒரு ராட்சசப் புழு! குட்டியாக இருந்தபோது பாறையோடு வந்து உள்ளேயே தின்று கொழுத்திருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் பாரி. நம் முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி எங்கே, இது எங்கே! கொன்றுவிடாமல் தனித் தொட்டி கொடுத்து வைத்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு பெரிது வருவது மிக அபூர்வம். ஒன்றிரண்டு முள்புழுவைப் பார்த்துவிட்டு ‘பாரி வந்துட்டான்’ என்று தொட்டியைப் பிரிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

அழகாய் இருப்பவர்களிடம் ஜாக்கிரதை

கோரமானவர்களைக் கண்டுதான் அலறுகிறோம். என்னைக் கேட்டால் கவனிக்க வேண்டியது அழகானவர்களை.

கண்ணாடி போல வெளிறிய பழுப்பு நிறத்தில், குட்டித் தென்னை மரம் மாதிரி ஒரு பூ பாறையில் முளைத்திருக்கும். இது ‘ஐப்டேசியா’ என்ற கடல் சாமந்தி வகை. “ஓ, இலவசமாய் ஒரு பூ!” என்று சந்தோஷப்பட்டால், நாலே மாதத்தில் தொட்டி முழுக்க அதுதான். பக்கத்துப் பவளத்தையெல்லாம் கொட்டும். பிய்த்து எறிந்தால் பாறையில் தங்கின துணுக்கு ஒவ்வொன்றும் மறுபடி ஒரு முழுப் பூவாகும், நம் ரத்தபீஜன் கதை மாதிரி. கெட்டியாய்க் குழைத்த சுண்ணாம்பைப் பிளாஸ்டிக் ஊசிக்குழாயில் எடுத்து, அதன் வாயில் மெள்ள வைத்து மூடுவது ஒரு வழி. வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வாசனையும் மஞ்சளும் சேர்த்திருப்பார்கள். மீன் கடையில் தனியாகக் கிடைக்கும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து, பிள்ளைகள் இல்லாத நேரமாய்ப் பார்த்துச் செய்யுங்கள். ஒரே நாளில் நாலைந்துக்கு மேல் வேண்டாம்.

இனி, முக்கியமான ஆளுக்கு வருவோம். சட்டைப் பொத்தான் அளவில், தட்டையான முகம், ஓரத்தில் குட்டி இதழ்கள், பச்சை, ஆரஞ்சு, ஊதா, பழுப்பு என்று பாய் விரித்தாற்போல் கூட்டமாய்ப் பூத்திருக்கும். ‘ஜோவாந்திட்’, ‘பாலிதோவா’, ‘பட்டன் பாலிப்’ என்று பல பெயரில் விற்கவும் செய்கிறார்கள். பாறையோடு இலவசமாகவும் வரும். இவற்றில் சில வகைகளின் உடம்பில் இருப்பது பாலிடாக்சின். புரதம் அல்லாத இயற்கை நஞ்சுகளில் மிகக் கடுமையானவற்றில் ஒன்று. எது நஞ்சுள்ளது, எது இல்லாதது என்று பார்வையை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ஹவாயில் மாவி தீவுக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. ஹானா என்ற ஊர்ப்பக்கம் ஒரு குட்டையில் வளர்ந்த இதை அவர்கள் கொல்லும் பாசி என்று அழைத்து, ஈட்டி முனையில் தடவினார்களாம். வெளியார் தொடக்கூடாது என்று கட்டுப்பாடும் இருந்தது. 1961 டிசம்பர் 31 அன்று விஞ்ஞானிகள் போய் மாதிரி எடுத்தார்கள். அன்று மத்தியானமே வேறொரு தீவில் இருந்த அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடம் தீப்பிடித்து எரிந்தது! தற்செயல்தான், ஆனாலும் ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? 1971-ல் மூரும் ஷோயரும் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தார்கள்.

வீட்டுக்குள் இது எப்படித் தாக்கும்? தொட்டியில் பேசாமல் கிடக்கும் வரை பயமில்லை. பாறையை வெளியே எடுத்துப் பிரஷால் தேய்த்தால், சுரண்டினால், வெந்நீர் ஊற்றினால், அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால்தான் வினை. கொதித்தால் கிருமி சாகும் என்பது நம் அடுப்படிப் பாடம். இந்த நஞ்சு கொதிநீருக்கு மசியாது. ஆவியோடும் சாரலோடும் கிளம்பி மூக்கில் ஏறும். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் ஒருவர் தொட்டியிலிருந்து பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் குடும்பத்தாருக்கும் காய்ச்சல், நடுக்கம், மூச்சு முட்டல். உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் உட்பட 10 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வாயில் கசப்பு அல்லது உலோக ருசி, குளிர் நடுக்கம், இருமல், நெஞ்சு இறுக்கம், தசை வலி, கண் சிவந்து எரிதல் இவையெல்லாம் அடையாளங்கள். பார்க்க ஃப்ளூ ஜுரம் மாதிரியே இருக்கும், அதுதான் சங்கடம். பாறையைக் கையாண்ட சில மணி நேரத்துக்குள் வீட்டில் இரண்டு பேருக்கு இப்படி வந்தால் யோசிக்காதீர்கள். எல்லாரும் வெளியே வாருங்கள், கைக்குழந்தை முதலில். நாய் பூனையையும் விட்டுவிடாதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். நேராக ஆஸ்பத்திரி. அங்கே போய், “மீன் தொட்டிப் பவளம், பாலிடாக்சின்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எந்த டாக்டருக்கும் தொட்டி ஞாபகம் வராது. மாற்று மருந்து கிடையாது. மூச்சையும் இருதயத்தையும் காத்து நிற்கும் சிகிச்சைதான், அதை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது.

வீட்டில் பொத்தான் பூ இருந்தால் அலறி எறியவும் வேண்டாம். தொட்டியிலேயே இருக்கட்டும். நகர்த்த வேண்டியிருந்தால் தண்ணீருக்குள்ளேயே, முழங்கை வரை கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டு நகர்த்தலாம். கர்ப்பிணிகளும் கையில் காயம் உள்ளவர்களும் இந்த வேலைக்கே போகாமல் இருப்பது நல்லது.

காயம் என்றதும் இன்னொன்று. மீன் தொட்டியில் ஒரு கிருமி வாழும், காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு. 1926-லேயே அமெரிக்காவில் காட்சியக மீன்களில் கண்டுபிடித்தது. கீறல் வழியாக உள்ளே போனால் இரண்டு மூன்று வாரம் கழித்து விரலிலோ புறங்கையிலோ கட்டி மாதிரி வரும். வலி அதிகம் இராது, ஆறவும் ஆறாது. மாதக் கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். ஆறாத கட்டியை டாக்டரிடம் காட்டும்போது இங்கேயும் தொட்டியைப் பற்றிச் சொல்ல மறக்காதீர்கள்.

வந்தவரை வைத்துக் காப்பாற்ற

நல்லவர்தான் என்று முடிவாகிவிட்டால் அவரைக் காப்பாற்றுவது பெரிய வித்தையில்லை. லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, 24 முதல் 27 டிகிரி சூடு, அளவான தீனி. நம் ஊர்க் கோடையில் சூட்டைக் குறைப்பதுதான் பாடு. தண்ணீர் சுண்டும்போது உப்பு சுண்டாது, ஆகவே குறைந்த மட்டத்துக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. கரண்ட் போனால் ஊத பாட்டரி பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்தைத் தொட்டியில் ஊற்றவே கூடாது; மீன் பிழைக்கும், இறால், நத்தை, புழு எல்லாம் போய்விடும். மீனைத் தனியே எடுத்து மருந்து போடுங்கள். அதைவிட முக்கியம், அந்த அறையில் கொசு, கரப்பான் மருந்து அடிக்காதீர்கள். நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் அந்த மருந்து இறாலுக்கும் மீனுக்கும் விஷம். காற்று பம்பு அதை இழுத்துத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிடும்.

யார் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள நல்ல வழி, புதுப் பாறையை மூன்று நாலு வாரம் தனி உப்புநீர்த் தொட்டியில் வைத்துப் பார்ப்பது. டார்ச் முகப்பில் சிவப்பு செலோபேன் காகிதத்தைக் கட்டி, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் இவற்றில் பலவற்றின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கூச்சமில்லாமல் உலாவும். செல்போனில் படம் எடுத்துக் கால்களை எண்ணுங்கள். எங்கே இருக்கிறது, எதைத் தின்கிறது, பகலிலா ராத்திரியிலா என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், கடைக்காரர் பாதி சந்தேகத்தை அங்கேயே தீர்த்துவிடுவார். சென்னை கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை.

“ராமேஸ்வரம் போனப்போ கரையிலே அழகா ஒரு கல் கிடைச்சுது, தொட்டியிலே போட்டேன்” என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986 முதல் தேசியக் கடல் பூங்கா. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இணையான காவலில் இருக்கின்றன. உயிருள்ளதும் சரி, செத்துக் காய்ந்ததும் சரி, எடுத்தால் குற்றம். கூம்பு மாதிரி வடிவமும் மேலே வலை பின்னின கோலமுமாய்ச் சங்கு ஏதாவது தண்ணீரில் கிடந்தால் பிள்ளைகள் கையில் எடுக்க விடாதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் விஷ ஈட்டியால் குத்தும், மனிதர்கள் செத்திருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் செயற்கைப் பாறையே போதும். மீனிலும் பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்ததாகக் கேட்டு வாங்கலாம். கோமாளி மீனை அப்படி வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் உருவாக்கித் தந்திருக்கிறது.

அப்படியே, வேண்டாத விருந்தாளியைப் பரிதாபப்பட்டுக் கடலில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். 1984-ல் மொனாக்கோ கடல் காட்சியகத்துக்குக் கீழே ஒரு சதுர மீட்டர் அளவுக்குத் தொட்டிப் பாசி முளைத்திருப்பதைப் பார்த்தார்கள். 2000-க்குள் அது மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் படர்ந்து, அந்த ஊர்க் கடல் புல்லை மூடிவிட்டது. கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்று பாறை வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.